எழுபத்திரண்டு டிகிரி

அறுவை சிகிச்சை முடிந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. வேலாயுதத்தின் வலது முட்டி எழுபத்திரண்டு டிகிரியில் வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு இம்மியும் மடங்கவில்லை.

அவர் முப்பத்தொரு வருஷம் கணக்கு வாத்தியார். கடைசி ஒன்பது வருஷம் தலைமை ஆசிரியர். கோணங்கள் அவருக்குப் புதிதல்ல. ஆனால் தன் மகள் வயதுப் பெண் ஒருத்தி தன் காலிலேயே கோணமானியை வைத்து அளந்து, "எழுபத்திரண்டுதான் சார்" என்று மதிப்பெண் சொல்வதை அவரால் தாங்க முடியவில்லை.

தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் கோமதியம்மையின் ஆசிரமத்துக்கு அவர் வந்து எட்டு வருஷம். மனைவி இறந்த மறுவருஷம் வந்தார். அம்மை அவரைவிடப் பதினாறு வயது இளையவர். அதைப் பற்றி இருவருமே யோசித்ததில்லை.

"எனக்குக் கோபம் ஜாஸ்திம்மா. அது போகணும்" என்றுதான் வந்த அன்று கேட்டார்.

அது போய்விட்டதாகவே எல்லோரும் நினைத்தார்கள். விடியற்காலையில் ஒரு மணி நேரம் அசையாமல் சம்மணமிட்டு உட்காருவார். குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. சார்வாளைப் பார்த்தாலே மனசு அடங்குது என்று வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். அவரும் அதை நம்பினார்.

பிறகு முட்டி தேய்ந்தது. மாற்று முட்டி வைத்தார்கள்.

முதல் வாரத்து வலி அவரை ஒன்றும் செய்யவில்லை. வலிக்கும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அதற்குப் பின்னால் வந்ததுதான் அவரை ஆட்டிவைத்தது. முட்டியைச் சுற்றி யாரோ இரும்புப் பட்டை போட்டு இறுக்கியதுபோல் இருந்தது. தொட்டால் சுட்டது. மாலையில் வீங்கியது. பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் கால் மரக்கட்டையாக இருந்தது. நேற்று வந்த மடக்கு இன்று காலையில் காணாமல் போயிருந்தது.

பார்க்க வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள்.

"எங்க அத்தை இருபதாம் நாளு கோயிலுக்கே நடந்து போயிட்டாங்க சார்வாள்."

"அப்ப உங்க அத்தையவே கூட்டிட்டு வந்து எனக்குப் பதிலா நடக்கச் சொல்லுங்க" என்றார் வேலாயுதம்.

வந்தவர் பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எட்டு வருஷத்தில் அவர் பேசிய முதல் சுடுசொல் அது. அன்று மாலையே இரண்டாவதும் வந்தது. சமையல் செய்யும் இசக்கியம்மாளிடம், கஞ்சி பிசின் மாதிரி இருக்கிறது, இதைப் போஸ்டர் ஒட்டத்தான் கொடுக்கலாம் என்றார்.

அதற்கப்புறம் எண்ணிக்கை இல்லை.

திருநெல்வேலியில் அறுவை செய்த டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார். மூட்டு சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது என்றார். பிறகு காலை மடக்கிப் பார்த்தார்.

"பன்னிரண்டு நாள் டயம் தர்றேன். தொண்ணூறு கிட்ட வரணும். வரலைன்னா மயக்க மருந்து கொடுத்து நாங்களே மடக்கிவிட வேண்டியிருக்கும். பயிற்சியெல்லாம் ஒழுங்கா பண்றீங்களா?"

"பண்றேன்" என்றார் வேலாயுதம்.

அது பொய்.

பயிற்சி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தில் ஒரு துண்டைச் சுற்றி, இரண்டு முனையையும் பிடித்துக் குதிகாலைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். முடிகிற மட்டும் இழுத்து, பத்து எண்ணி, விட வேண்டும். ஒரு தடவைக்குப் பதினைந்து. ஒரு நாளைக்கு நாலு தடவை.

துண்டைக் கையில் எடுத்தாலே அவருக்குக் கோபம் வந்தது. முட்டி மேல், டாக்டர் மேல், துண்டு மேல். அந்தக் கோபத்தோடு பயிற்சி செய்வது தப்பு என்று அவருக்குப் பட்டது. எட்டு வருஷம் பழகியதற்கு என்ன அர்த்தம்? முதலில் மனசை அடக்கணும். அடங்கின மனசோடு காலை மடக்கணும்.

ஆகவே நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடுவார். முட்டி விண்விண் என்று தெறிக்கும். அரை மணி நேரம் போகும். மனசு அடங்காது. துண்டை மடித்து வைத்துவிட்டு, மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம் என்று படுப்பார். முட்டிக்கு அடியில் ஒரு தலையணையைச் செருகிக்கொள்வார். வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்; ஆனால் அப்படி வைத்தால் கொஞ்சம் சுகமாக இருக்கும்.

பெனிட்டா வந்ததும் முதலில் அந்தத் தலையணையைத்தான் உருவினாள்.

தென்காசியிலிருந்து வாரத்தில் மூன்று நாள் ஸ்கூட்டியில் வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் அவள். அதிகம் பேச மாட்டாள். அன்று முட்டியைத் தொட்டுப் பார்த்ததுமே நிமிர்ந்தாள்.

"எத்தனை நாளா பண்ணலை சார்?"

"மூணு நாளா சுத்தமா இல்லை. அதுக்கு முந்தியும் அப்பப்பதான்."

"ஏன்?"

"மனசு நிதானமா இல்லைம்மா. நிதானம் வந்ததும் பண்ணுதேன்."

"நிதானம் வர்றதுக்குள்ள முட்டி இறுகிரும் சார். டாக்டர் சொன்ன நாள்ல இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு."

"எனக்கு எண்ணத் தெரியும்."

அவள் குதிகாலைப் பிடித்து மெல்ல உள்ளே தள்ளினாள். எழுபது. எழுபத்தொன்று. வேலாயுதம் கட்டிலின் சட்டத்தைப் பிடித்தார்.

"மூச்சை விடுங்க சார். தொடையை இறுக்காதீங்க. நீங்களே தடுக்கிறீங்க."

"நான் தடுக்கேனா? நீதான் காலை ஒடிக்கப் பாக்கே! படிச்சுத்தான் பாஸ் பண்ணினியா, இல்லை எவனையாவது பிடிச்சு சர்டிபிகேட் வாங்கினியா?"

அந்தக் குரல் முற்றம் தாண்டிச் சமையலறை வரை கேட்டது. பழைய தலைமை ஆசிரியரின் குரல்.

பெனிட்டா காலை மெதுவாகக் கீழே வைத்தாள். கோணமானியைப் பைக்குள் போட்டாள்.

"எங்கப்பா வயசு உங்களுக்கு. அதனால ஒண்ணும் சொல்லலை. வேற ஆளைப் பாத்துக்கோங்க சார்."

ஸ்கூட்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

கோமதியம்மை வாசலில் வந்து நின்றார். தோட்டத்தில் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தவர். கையெல்லாம் சேறு.

"எல்லாம் கேட்டுச்சா?" என்றார் வேலாயுதம்.

"கேட்டுச்சு."

"எட்டு வருஷம்மா. எட்டு வருஷம் உக்காந்து என்னத்தைக் கண்டேன்? ஒரு முட்டி போச்சு. அதோட எல்லாம் போச்சே. அந்தக் கோபம் எங்கயும் போகலை. உள்ளேயே இருந்திருக்கு. அப்ப நான் சாந்தமா இருந்ததெல்லாம் பொய்யா?"

அம்மை கையைத் துடைத்துக்கொண்டார்.

"வாக்கரை எடுங்க."

"எங்க போக?"

"அடுப்படிக்கு."

"எதுக்கு?"

"வாங்களேன்."

அறையிலிருந்து சமையலறைக்கு முப்பதடி இருக்கும். வேலாயுதம் வாக்கரைத் தள்ளித் தள்ளி நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் முணுமுணுத்தார். அம்மை பக்கத்திலேயே வந்தார். தாங்கவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

இசக்கியம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாத்திரம் இன்னும் சத்தமாக உருண்டது.

அம்மை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார்.

"இசக்கி, சார்வாள் மேல கோவமா?"

"ஆமா."

"எப்பலேருந்து?"

"பிசின்னு சொன்னாவல்லா, அன்னையிலேருந்து."

"இன்னும் போகலையா?"

"எங்கன போவும்? பாத்தாலே பத்திக்கிட்டு வருது. இப்பக் கூட அந்தப் புள்ளைய என்ன சொல்லு சொன்னாவ! அது அழுதுக்கிட்டே வண்டியை எடுத்துச்சு, பாத்தேளா?"

வேலாயுதம் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அழுதது அவருக்குத் தெரியாது.

"சார்வாளுக்குக் கஞ்சி இருக்கா?" என்று அம்மை கேட்டார்.

"அந்தா, மூடி வச்சிருக்கு. தொட்டுக்கிட வேகவச்ச பயறும் இருக்கு. வலி மாத்திரையை வெறும் வயித்துல போடக் கூடாதுல்லா."

சொல்லிக்கொண்டே கையை அலம்பினாள். கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றினாள். உப்பு பார்த்தாள். அவர் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

வேலாயுதம் கிண்ணத்தையே பார்த்தார். பிறகு இசக்கியம்மாளைப் பார்த்தார்.

"இத்தனை நாளும் கோவத்தோடயா கஞ்சி போட்ட?"

"பின்னே? கோவம் ஆறுத வரைக்கும் உங்களைப் பட்டினி போடவா?"

அவர் கரண்டியை எடுத்தார். இரண்டு வாய் குடித்தார்.

"பிசின் மாதிரி இருக்கா?" என்றாள் இசக்கியம்மாள்.

"இல்லை" என்றார். "நல்லாத்தான் இருக்கு."

"அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

அவர் அம்மையின் பக்கம் திரும்பினார்.

"கோபத்தோடயே பண்ணச் சொல்றீங்களா?"

"நான் எங்க சொன்னேன்?" என்றார் அம்மை. "கஞ்சி ஆறுது. குடிங்க."

குழாய் வேலை பாதியில் நிற்கிறது என்று தோட்டத்துக்குப் போய்விட்டார்.

வேலாயுதம் கிண்ணத்தைக் காலி செய்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார். பெனிட்டா எடுக்கவில்லை. கால் மணி கழித்து மறுபடி கூப்பிட்டார்.

"சொல்லுங்க சார்." குரல் வறண்டிருந்தது.

"நான் சொன்னது தப்பும்மா. மன்னிச்சுக்கோ."

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

"கோபம் போயிட்டுதுன்னு சொல்ல மாட்டேன். இப்பக் கூட உன் மேல இருக்கு. ஆனா சொன்னது தப்பு. கோபம் போனப்புறம் கேக்கலாம்னா அது என்னைக்குப் போகும்னு எனக்குத் தெரியலை. அதான் இப்பவே கேக்கேன்."

அவள் கேட்டாள்.

"மாத்திரை போட்டாச்சா?"

"இனிமேதான்."

"போட்டுட்டு அரை மணி கழிச்சு ஆரம்பிங்க. பதினஞ்சு. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வர்றேன். அதுக்குள்ள மூணு தடவையாவது பண்ணியிருக்கணும். நான் கேப்பேன்."

"கேளு."

அன்று மாலை துண்டைப் பாதத்தில் சுற்றினார். கண்ணை மூடவில்லை. மனசைப் பார்க்கவில்லை. இழுத்தார்.

"மடங்கித் தொலையேன் மூதி" என்றார் முட்டியைப் பார்த்து.

ஒன்று.

"உலகத்துல எல்லாவன் முட்டியும் மடங்குது. உனக்கு மட்டும் என்ன கொள்ளை?"

இரண்டு.

பதினைந்து முடிப்பதற்குள் டாக்டர், டாக்டருடைய கத்தி, இருபதாம் நாள் கோயிலுக்குப் போன அத்தை எல்லோரும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். கண்ணில் நீர் வந்தது. சட்டை நனைந்துவிட்டது. முடிந்ததும் முட்டியின் மேல் ஐஸ் பையை வைத்துக்கொண்டு மேல்மூச்சு வாங்கப் படுத்திருந்தார். தலையணையைக் காலுக்கு அடியில் வைக்கவில்லை. அதற்கும் திட்டினார்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

பெனிட்டா வரும் நாட்களில் அவள் தள்ளத் தள்ள அவர் திட்டுவார். அவளைத் தவிர மற்ற எல்லோரையும் திட்டுவார். ஒருநாள் அந்தத் துண்டை நெய்தவன் முறை வந்தபோது அவள் பக்கென்று சிரித்துவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்த நேரத்தில் தொடை இளகியது. அளந்தாள். எழுபத்தொன்பது.

ஊரிலிருந்து வந்த ஒருவர் அம்மையின் முன்னால் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே சத்தம் கேட்டது.

"யாரும்மா அது, இந்தத் திட்டு திட்டுறது?"

"சார்வாள் பயிற்சியில இருக்காவ" என்றார் அம்மை.

பன்னிரண்டாம் நாள் டாக்டர் அளந்தார். எண்பத்தெட்டு.

"போதும். மயக்க மருந்து வேண்டாம். மிச்சம் மெதுவா வரும். விடாம பண்ணுங்க."

"எவ்வளவு நாள்?"

"இறுக்கம் முழுக்க விடுறதுக்கு ஆறு மாசம் ஆகலாம். சிலருக்கு ஒரு வருஷம்கூட. தரையில சம்மணம் போடுறது மட்டும் இனி வேண்டாம்."

திரும்பி வரும்போது காரில் வழி முழுக்க அவர் மனசுக்குள் புலம்பிக்கொண்டே வந்தார். ஒரு வருஷம். ஒரு வருஷம் இந்தத் துண்டோடு மல்லுக்கட்ட வேண்டும். தரையில் உட்காரக் கூடாதாம். எட்டு வருஷம் உட்கார்ந்த இடம்.

ஆசிரமத்தில் இறங்கியதும் நேராக அம்மையிடம் போனார். அம்மை தியானக் கூடத்தில், அவர் வழக்கமாகப் பாய் விரிக்கும் இடத்தில், கை வைத்த நாற்காலி ஒன்றைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

வேலாயுதம் வாக்கரைப் பிடித்தபடி நின்றார்.

"எண்பத்தெட்டு வந்துட்டு. அதெல்லாம் சரி. ஆனா கோபம் அப்படியே இருக்கும்மா. காலையில இருந்தது இப்பவும் இருக்கு. வழியில டிரைவரைக் கூட ரெண்டு சொல்லியிருப்பேன், வாயை மூடிக்கிட்டு வந்தேன். சொல்லுங்க, இது எப்பத்தான் போகும்?"

அம்மை நாற்காலியின் கால் ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்தார்.

"சாயங்காலப் பயிற்சி எத்தனை மணிக்கு சார்வாள்?"

"நாலு மணிக்கு."

"இப்ப மணி என்ன?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலே கால்."

"அப்ப ஏன் இன்னும் இங்க நின்னுக்கிட்டு இருக்கீங்க?"