நாற்பது மணி நேரம்

“நாளைக்கு ஆய்வுக் குழு வருதுல்லா? அந்த டேப்லெட்டையெல்லாம் வெளிய எடுத்துத் தூசி தட்டி வையும்வே.”

பியூன் சக ஊழியரிடம் சொன்னது கல்லூரி முதல்வர் அறை வாசலில் நின்ற இசக்கியம்மாள் காதில் விழுந்தது. வகுப்பில் சொந்தமாகப் போன் இல்லாதவர்கள் பன்னிரண்டு பேர். அவர்களுக்கென்று வாங்கிய டேப்லெட்டுகள் ஓராண்டாகப் பீரோவுக்குள் கிடந்தன. கல்லூரியின் பாடச் செயலியில் நாற்பது மணி நேரம் பாடம் பார்த்திருந்தால்தான் ஹால் டிக்கெட்.

கெஞ்சப் போனவளிடம், “படிக்காத கழுதைக்குப் பரீட்சை எதுக்கு? நாற்பது மணி நேரத்தைக் காட்டு, தர்றேன்” என்றார் முதல்வர்.

மறுநாள் மேசைதோறும் டேப்லெட். குழுத் தலைவர் பட்டியலைப் புரட்டினார். “பன்னிரண்டு பேர் ஒரு மணி நேரம்கூடப் பார்க்கலையே?”

“சோம்பேறிகள் சார். இதோ, இவளும் ஒருத்தி” என்றார் முதல்வர்.

இசக்கி எழுந்து, டேப்லெட்டை இரு கையாலும் ஏந்தி முதல்வரிடம் நீட்டினாள்.

“தப்புதான் சார். இப்பவே தொடங்கிடுதேன். ஆனா, என்ன மொழி வேணும்னு கேக்கு. வருஷம் பூரா பாடம் நடத்தின டேப்லெட்டுக்கு எந்த மொழி சார் தெரியும்?”

முதல் தடவை உயிர்ப்பிக்கும்போது மட்டும் கேட்கும் கேள்வி அது. வகுப்பே சிரித்தது. தலைவரும் எட்டிப் பார்த்தார். திரைமேல் ஒட்டிய தாள்கூட உரிக்கப்படவில்லை. பிறகு முதல்வரின் காதில் ஏதோ சொல்லிவிட்டு, தலைவர் அறிக்கையில் ‘பயன்பாடு திருப்தி’ என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார்.

முதல்வர் தன் அறைக்குப் போய் ஒரே ஒரு ஹால் டிக்கெட்டில் கையெழுத்திட்டு இசக்கியிடம் கொடுத்தார்.

“மத்தப் பதினோரு பேருக்கு சார்?”

“உனக்குத்தானே வாய் இருக்கு?”

இசக்கி அந்தத் தாளை மேசைமேல் வைத்துவிட்டு, வராந்தாவில் நின்ற பதினோரு பேரோடு போய் நின்றாள்.