குரங்கு வந்த கணக்கு

வெகு காலத்துக்கு முன்னே மருதவளம் என்றொரு நாடு. அதை ஆண்ட வேழமாற ராஜாவுக்குக் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. சிரித்தால் ஒரு கிராமத்தையே எழுதிக் கொடுப்பார். முறைத்தால் அதை வாங்கியவனையே நாட்டைவிட்டு விரட்டுவார். அப்பேர்ப்பட்டவரிடம் அமைச்சராகக் காலம் தள்ளியவர் ஆதனார். ஆனால் அன்று காலை அவருக்கே நாக்கு வறண்டு போயிருந்தது.

காரணம், சபை நடுவே கிடந்த ஒரு குவியல். சொப்புச் சாமான்கள், மரயானை, பல்லாங்குழிப் பலகை, ஆதனாரே ஓலையில் படம் கீறிக் கட்டிய கதைச் சுவடிகள். எல்லாம் ஐந்து வயது இளவரசி இளவஞ்சியுடையவை. பக்கத்தில் ஒரு சேவகன் எரியும் பந்தத்தோடு நின்றான்.

அரசவைப் புலவர் வச்சிரநாதரிடம்தான் இளவஞ்சி முதலில் படித்தாள். கணக்கைக்கூடப் பாட்டாகக் கட்டி, பிரம்பைக் காட்டி மனப்பாடம் செய்ய வைப்பவர் அவர். கொஞ்ச நாளில் குழந்தை பேசுவதையே நிறுத்திவிட்டாள். பதறிப்போன ராஜா அவளை ஆதனாரிடம் ஒப்படைத்தார். ஆதனார் அவளோடு மண் குழைத்தார், சொப்பில் சோறு பொங்கினார், படம் காட்டிக் கதை படித்தார். குழந்தை மறுபடி வாய் திறந்தாள். புலவருக்கு வயிறு எரிந்தது.

"அரசே, நாளைக்கு நாட்டை ஆளப்போகிறவள் புளியங்கொட்டை பொறுக்கிக்கொண்டிருக்கிறாள்! அமைச்சர் அவளைக் குட்டிச்சுவர் ஆக்கிவிட்டார்" என்று ராஜாவின் காதில் ஓதிவிட்டார்.

ராஜா முறைத்தார். "ஒரே ஒரு கேள்வி கேட்பேன். குழந்தை பதில் சொல்லாவிட்டால் இதெல்லாம் தீயில் போகும். அவள் புலவர் வீட்டுக்குப் போவாள். கதவைப் பூட்டிப் படிக்க வைப்பார்."

இளவஞ்சியின் உதடு இறுகுவதை ஆதனார் பார்த்தார். திரும்பவும் இவளை ஊமையாக்கிவிடுவார்களே என்று அவர் சட்டென்று முன்னே வந்தார்.

"அரசே, அதே கேள்விக்கு முதலில் புலவர் பதில் சொல்லட்டுமே" என்றார்.

"தாராளமாக!" வச்சிரநாதர் பிரம்பைச் சுழற்றினார். "என் பாட்டில் இல்லாத கணக்கு உலகத்திலேயே கிடையாது. ராஜா கேட்டு முடிக்கும் முன்பே சொல்லிவிடுவேன்."

ஆதனார் சிங்காசனத்தருகே போய் ராஜாவிடம் ஏதோ கிசுகிசுத்தார். ராஜாவின் மீசை லேசாக ஆடியது.

"பதினைந்து மாம்பழம், மூன்று பிள்ளைகள். சமமாகப் பங்கு போட உட்காரும்போது..."

"ஆளுக்கு ஐந்து!"

"பொறும் ஐயா, இன்னும் குரங்கே வரவில்லை!" என்றார் ராஜா. சபை கொல்லென்று சிரித்தது. "உட்காரும்போது ஒரு குரங்கு வந்து மூன்று பழத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. இப்போது ஆளுக்கு எத்தனை?"

வச்சிரநாதர் கண்ணை மூடிப் பாட்டை முதலிலிருந்து முணுமுணுத்தார். பாதியில் நின்றார். மறுபடி தொடங்கினார்.

"அரசே, பாட்டில் குரங்கு கிடையாதே!"

"உம்மைப் பிறகு கவனிக்கிறேன். வஞ்சி, நீ சொல்."

குழந்தை வாய் திறக்கவில்லை. "சொல்!" என்று ராஜா அதட்டினார். அவள் இன்னும் ஒடுங்கினாள். ராஜாவின் கை உயர்ந்தது. அது இறங்கினால் கொளுத்த வேண்டும் என்று சேவகன் பந்தத்தைச் சாய்த்தான்.

ஆதனார் தலைப்பாகையைக் கழற்றித் தரையில் வைத்தார். மேல்துண்டை வால் மாதிரி இடுப்பில் செருகினார். நாட்டின் அமைச்சர் சபை நடுவே குந்தி உட்கார்ந்து "உர்ர்" என்றார்! பல்லாங்குழிப் பலகையை இழுத்து அவள் முன்னே பதினைந்து புளியங்கொட்டைகளைக் கொட்டினார். கொட்டிய கையோடு மூன்றைப் பறித்துக்கொண்டு தாவி ஓடினார்.

"ஏய், திருட்டுக் குரங்கே!" என்று இளவஞ்சி கத்தினாள்.

மிச்சக் கொட்டைகளை மூன்று குழிகளில் ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தாள். அவளுக்கு ஒரு அவசரமும் இல்லை. ஆதனாருக்குத்தான் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. ராஜாவின் கை உயர்ந்தபடியே இருந்தது.

"ஆளுக்கு நாலு" என்றாள். பிறகு ஆதனாரின் கையை விரித்துப் பார்த்தாள். "குரங்கு மாமாகிட்ட மூணுதான் இருக்கு. பாவம், ஒண்ணு கம்மி."

ராஜாவின் கை மெல்ல இறங்கி மகளின் தலையில் தங்கியது. "இதை யாருமே கேட்கவில்லையே தாயே!" என்றார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் குரங்கின் கழுத்தில் போட்டார். பிறகு புலவர் பக்கம் திரும்பினார்.

"வஞ்சி, இவரை என்ன செய்யலாம்? நாட்டைவிட்டு விரட்டிவிடட்டுமா?"

குழந்தை வச்சிரநாதரை மேலும் கீழும் பார்த்தாள். "வேண்டாம்பா. அந்தப் பிரம்பைப் போட்டுட்டு வந்தா, ஆட்டத்துல சேத்துக்கறேன்."

பந்தம்தான் தயாராக இருந்ததே. பிரம்பு நன்றாக எரிந்தது.