அரைமாயனும் ஓரம் தைக்காத போர்வையும்

குளிருக்கும் நெருப்புக்கும் யார் பெரியவர் என்ற சண்டை இன்னும் தீராமல் இருந்த வெகு பழைய காலத்திலே, வெண்மேடு என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டுப் பனி சாதாரணப் பனி இல்லை. காலையில் வாய் திறந்து பேசினால் பேச்சே உறைந்து கீழே விழும் என்பார்கள். அது கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் குடத்துத் தண்ணீர் உறைந்தது உண்மை.

ஆகவே ஒட்டுப்போர்வை தைக்காத வீடே அங்கே கிடையாது. பழைய சேலை, வேட்டி, கிழிந்த சட்டை எல்லாவற்றையும் துண்டு போட்டு, சேர்த்துத் தைத்து மேல்துணி ஆக்குவார்கள். அதற்கும் அடித்துணிக்கும் நடுவில் பஞ்சைப் பரப்பி, மூன்றும் ஒன்றாய்ப் பிடிக்கும்படி வரி வரியாக நூலோட்டுவார்கள். பிறகு நாலு ஓரத்தையும் மடித்துத் தைப்பார்கள். கடைசி மூலையை மூடுவதற்கு முன் அதற்குள் மூன்று நெல்மணி வைப்பார்கள். போர்வைக்கும் வயிறு காயக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். நெல் வைத்து மூடினால்தான் போர்வை. அதுவரை அது வெறும் துணி.

அந்த நாட்டுக் கணவாய்க்கு மேலே, குளிர்மலையில், ஒரு மந்திரவாதி இருந்தான். அவனுக்குப் பிறந்தபோது வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. அரைமாயன் என்றுதான் சொல்வார்கள். அவன் சட்டைக்கு ஒரு கைதான் உண்டு. மீசை ஒரு பக்கம்தான் உண்டு. வீட்டுப் படிகள் ஏறி ஏறிப் பாதியில் நின்றுபோகும். எந்த மந்திரத்தையும் அவன் பாதிக்கு மேல் சொன்னது கிடையாது. பாதி மந்திரமே அத்தனை பலமாக இருந்தது.

அவனுக்கு ஒரே ஒரு சட்டம். நாட்டில் எவனாவது ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டால், அந்தப் பொருள் கூரைக்கு வெளியே இருந்தால், காற்றோடு வந்து நிற்பான்.

"முடிக்காதது எனது! அதற்குள் இருப்பதும் எனது!"

அவ்வளவுதான். அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடுவான். பாதி தோண்டிய கிணறு போயிற்று. பாதி முடைந்த கூடை போயிற்று. ராஜா கட்டிய அரை மதில்கூட ஒரே ராத்திரியில் போயிற்று.

இந்த நாட்டில்தான் மரிக்கொழுந்து இருந்தாள். அவள் புருஷன் நாகமுத்து, ஒற்றை மாட்டு வண்டியில் உப்பு ஏற்றிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விற்பவன். மாட்டின் பெயர் செவலை.

மரிக்கொழுந்துவைப் போலப் போர்வை தொடங்க அந்த நாட்டில் ஆளில்லை. துண்டுகளைத் தரையில் பரப்பி, இந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் அந்தப் பச்சை என்று அவள் அடுக்குவதைப் பார்க்க அக்கம்பக்கமே வரும். சோறு தண்ணீர் மறந்து தைப்பாள். பாதி வரும். அப்போது பார்த்து யாராவது ஒரு புதுத் துணித்துண்டு கொண்டுவந்து கொடுப்பார்கள். இல்லாவிட்டால் குளிக்கும்போது வேறொரு கோலம் மனதில் தோன்றும். "அப்புறம் பார்ப்போம்" என்று பழையதை மடித்துப் பெட்டியில் வைப்பாள். புதியது தொடங்குவாள். அதுவும் பாதி வரும். "அப்புறம் பார்ப்போம்." பெட்டி நிறைய அரைப்போர்வைகள். வீட்டுக்குள்ளே இருந்ததால் அரைமாயன் கைக்கு எட்டவில்லை.

நாகமுத்து ஒவ்வொரு பனிக்காலமும் கேட்பான்.

"இந்த வருஷமாவது போர்வை உண்டா கொழுந்து?"

"அடுத்த வருஷம் பாருங்க, அசந்துபோவீங்க."

"போன வருஷமும் அசரத்தான் காத்திருந்தேன். அரையாவது குடு, அரை உடம்பை மூடிக்கிறேன். மிச்சத்துக்குச் செவலையைக் கட்டிப்பிடிச்சுக்கிறேன்."

சிரித்துக்கொண்டே கோணியைப் போர்த்திக்கொண்டு போய்விடுவான். அந்த வருஷம் புறப்படும்போது இருமினான். அந்த இருமல் அவளுக்குப் பொறுக்கவில்லை. பெட்டியைத் திறந்து, உள்ளதிலேயே அதிகம் தைத்திருந்த ஒன்றை எடுத்தாள். பாதிதான் நூலோட்டியிருந்தது. ஓரம் தைக்கவே இல்லை. தைத்த பாதி வெளியே தெரியும்படி மடித்து அவன் தோளில் போட்டாள்.

"ஓரம் தைக்கலையே புள்ள?"

"மடிச்சுப் போட்டா யாருக்குத் தெரியப் போகுது? போய்ட்டு வாங்க."

போனவன் வரவில்லை. மாடுதான் வந்தது, வெறும் வண்டியோடு. வாசலில் நின்று, வாயைத் திறந்து, பேசியது.

"தாயி! அவரை அந்த மலையிலே..."

அதோடு நின்றுவிட்டது. மாட்டுக்கும் பாதி மந்திரம்தான் பட்டிருந்தது. எந்த வாக்கியமும் பாதிக்கு மேல் வரவில்லை.

"என்ன செவலை? விழுந்துட்டாரா?"

மாடு தலையாட்டி மறுத்தது. "அரைமாயன் வந்து, போர்வையைப் பார்த்து..."

மரிக்கொழுந்துவுக்கு மீதி தேவைப்படவில்லை. ஊசி, நூல், கத்தரிக்கோல், பஞ்சு, கொஞ்சம் அரிசி மாவு எடுத்தாள். மாட்டுக்கு வைக்கோல் ஏற்றினாள். வண்டியில் ஏறும்போது செவலை திரும்பிப் பார்த்தது.

"தாயி, ரொம்ப நாளா ஒண்ணு சொல்லணும், இந்த வண்டியிலே..."

"வண்டியிலே என்ன?"

மாடு வாயை வாயைத் திறந்தது. வரவில்லை. ஏதோ பெரிய ரகசியம் என்று நினைத்துக்கொண்டாள்.

குளிர்மலையின் உச்சியில் நாகமுத்து நின்றிருந்தான். காலிலிருந்து இடுப்புவரை கருங்கல். இடுப்புக்கு மேலே மனிதன். தோளில் அரைப்போர்வை.

"வந்துட்டியா கொழுந்து? நின்னு நின்னு கால் வலிக்குமோன்னு பயந்தேன். வலிக்கலை. அது ஒண்ணுதான் நல்லது."

அவள் அழுதாள். பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. ஒரு கைச் சட்டையோடு அரைமாயன்.

"முடிக்காதது எனது! அதற்குள் இருப்பதும் எனது! கல்லாக்குகிற மந்திரத்தை இடுப்போடு விட்டுவிட்டேன். மிச்சத்தைக் குளிர் பார்த்துக்கொள்ளும். தினம் கொஞ்சம் மேலே ஏறும். தலையைத் தாண்டினால் இவன் என் வீட்டுத் தூண்."

"போர்வையை முடிச்சுட்டா?" என்றாள் மரிக்கொழுந்து.

"முடித்தால் இரண்டையும் எடுத்துக்கொண்டு போ. என் சட்டத்தை நானே மீற முடியாது. ஆனால் நீ முடிக்க மாட்டாய் பெண்ணே. உன் பெட்டியை எனக்குத் தெரியும்."

அவள் போர்வையை எடுத்து விரித்து உட்கார்ந்தாள். நாகமுத்துவின் கைகள் இன்னும் கல்லாகவில்லை. அவன் ஊசியில் நூல் கோத்துக் கோத்துக் கொடுத்தான்.

முதல் நாள் நன்றாக ஓடியது. பொழுது சாய்கையில் ஒரு வரியை முழுதாக முடித்து, முடிச்சுப் போட்டு, நூலை வெட்டி வைத்தாள். மறுநாள் காலையில் பார்த்தால், எங்கே தொடங்குவது என்று கை போகவே இல்லை. துணியைத் திருப்பினாள். மடித்தாள். விரித்தாள். அப்போது அரைமாயன் வந்து அவள் முன் ஒரு பட்டுத்துணியை வீசினான். மயில் கழுத்தைப் போலப் பச்சையும் நீலமும் மாறி மாறி மின்னும் பட்டு.

"இதில் ஒரு போர்வை தொடங்கினால் எப்படி இருக்கும்?"

எப்படி இருக்கும் என்று அவளுக்குக் கண்ணுக்குள் முழுதாகத் தெரிந்தது. நடுவில் இந்தப் பட்டு, சுற்றிலும் மஞ்சள், மூலைக்கு ஒரு சிவப்பு. கை நீண்டது. நாகமுத்து அவள் கையைப் பார்த்தான். நூல் கோத்த ஊசியைப் பிடித்தபடி இருந்தான். கல் நெஞ்சுக்கு ஏறியிருந்தது.

அவள் பட்டை விட்டு ஊசியை வாங்கிக்கொண்டாள்.

அன்று பொழுது சாய்ந்தபோது வரியை முடிக்கவில்லை. வேண்டுமென்றே நடுவில் நிறுத்தி, ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டுப் படுத்தாள். அரைமாயன் ஓடிவந்தான்.

"பாதி வரி! முடிக்காதது எனது!"

எடுக்கப் போனவன் விரலில் ஊசி நறுக்கென்று ஏறியது. "ஆ!" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டான்.

"நான் நிறுத்தலை சாமி, ஊசி அங்கேயே காவல் நிக்குது" என்றாள் மரிக்கொழுந்து, கண்ணைத் திறக்காமலே.

காலையில் எழுந்ததும் கை தானாக ஊசியிடம் போயிற்று. கடித்து வைத்த பலகாரத்தைத் தேடிப் போவதுபோலப் போயிற்று. பாதி வரி முடிந்தது. அந்த வேகத்தில் அடுத்த வரி வந்தது. அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான் நிறுத்தினாள்.

இரண்டாவது முறை மனசைக் கலைக்க வந்தபோது அரைமாயன் துணி எதுவும் கொண்டுவரவில்லை. குனிந்து உற்றுப் பார்த்தான்.

"அடடா. இந்த வரி கோணல் பெண்ணே. நல்ல கைக்காரி நீ. பிரித்துவிட்டு முதலிலிருந்து தைக்க வேண்டாமா?"

பார்த்தாள். கோணல்தான். பார்க்கப் பார்க்கக் கோணல் பெரிதாகிக்கொண்டே போனது. கத்தரிக்கோலை எடுத்தாள். கல் இப்போது நாகமுத்துவின் தோளுக்கு வந்து, கைகளையும் பிடித்திருந்தது.

வைக்கோல் மென்றுகொண்டிருந்த செவலை தலையைத் தூக்கியது. "நம்ம வண்டித்தடம்கூடக் கோணல்தான், ஆனா..."

"ஆனா வீட்டுக்குப் போய்ச் சேருது" என்று முடித்தாள் மரிக்கொழுந்து. கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"இன்னொண்ணு தாயி, இந்த வண்டியிலே..." என்றது மாடு. மறுபடியும் வரவில்லை.

இனி நூலை அவளே கோத்தாள். வரிகள் முடிந்தன. மூன்று ஓரம் மடித்துத் தைத்தாள். நாலாவது ஓரத்தில், மூலைக்கு முன்னால், துணி தீர்ந்துபோயிற்று. ஒரு உள்ளங்கை அளவு துண்டு வேண்டும். இல்லை.

கல் நாகமுத்துவின் வாயை மூடியிருந்தது. கண்ணும் நெற்றியும் தலைப்பாகையும்தான் மிச்சம்.

அரைமாயன் மூன்றாவது முறையாக மனசைக் கலைக்க வந்தான். இந்த முறை சிரிக்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உனக்கு ஏன் முடிக்க முடியவில்லை என்று எனக்குத் தெரியும். முடிக்காத வரைக்கும் அது நீ நினைத்த மாதிரியே அழகாக இருக்கும். முடித்தால் எப்படி வந்ததோ அப்படித்தான் இருக்கும். அதனால்தான் நானும் எதையும் முடிப்பதில்லை. மயில் பட்டில் ஒரு துண்டு தரட்டுமா?"

அவன் துணி சேர்ந்தால் போர்வை அவனுடையதாகிவிடும் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் அவன் சொன்ன மற்றது அத்தனையும் நிஜம். நாகமுத்துவைப் பார்த்தாள். அவன் கண்ணை மேலே உயர்த்தினான். மேலே தலைப்பாகை.

அது ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். இப்போது வேர்வையும் உப்பும் மாட்டுப் புழுதியும் ஏறி, சாம்பலா பழுப்பா என்று சொல்ல முடியாத ஒரு நிறம். போர்வையில் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக அவள் பார்த்துப் பார்த்துச் சேர்த்திருந்தாள்.

"அதை எடுத்தால் தலையும் குளிரில் சீக்கிரம் கல்லாகும்" என்றான் அரைமாயன்.

நாகமுத்து கண்ணை மூடித் திறந்தான். எடு என்று அர்த்தம். அவள் தலைப்பாகையை உருவி, ஒரு துண்டு கிழித்து, ஓரத்தில் வைத்தாள்.

"நிறம் சேரவில்லையே!" என்றான் அரைமாயன்.

"சேரலைதான்" என்றாள், தைத்துக்கொண்டே.

மூலையில் விரல் நுழையும் அளவு வாய் பாக்கி. அங்கே வந்து கை நின்றது. நெல்! மாவு கொண்டுவந்தாள், நெல் கொண்டுவரவில்லை. மொட்டைப் பாறை மலையில் நெல்லுக்கு எங்கே போவது? நாகமுத்துவின் நெற்றி கருத்துக்கொண்டு வந்தது. அரைமாயன் எழுந்து நின்று அரை மீசையைத் தடவினான்.

"தாயி! என் வைக்கோலிலே..." என்றது செவலை.

ஓடினாள். எவ்வளவு அடித்தாலும் தாளில் ஒன்றிரண்டு மணி ஒட்டிக்கொண்டு வராமல் இருக்குமா? வைக்கோலை உதறினாள். ஒரு மணி விழுந்தது. இன்னொரு முறை உதறினாள். இரண்டாவது விழுந்தது. மூன்றாவது இல்லை. மீதியை மாடு தின்றுவிட்டிருந்தது. நிமிர்ந்து செவலையைப் பார்த்தாள். அதன் ஈரமான மூக்கின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது, மூன்றாவது நெல்மணி.

வைத்தாள். மூடினாள். முடிச்சுப் போட்டாள். நூலைப் பல்லால் கடித்து, போர்வையை விரித்து நாகமுத்துவின் தலையோடு போர்த்தினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு போர்வைக்குள்ளிருந்து ஒரு இருமல் கேட்டது. தொடர்ந்து குரல் கேட்டது.

"கொழுந்து... கால் வலிக்குது!"

அரைமாயன் பிடியில் இருந்த ஒரு பொருள் முழுதாக முடிந்தது அதுவே முதல் தடவை. மலை குலுங்கியது. பாதியில் நின்ற படிகள் மேலே போய்ச் சேர்ந்தன. பாதிக் கிணற்றில் தண்ணீர் ஊறியது. கூடைகளுக்கு விளிம்பு வந்தது. செவலை கனைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் பேசியது.

"இந்த வண்டியிலே இடது சக்கரத்துக்கு எண்ணெய் போட்டு எத்தனை மாசமாச்சு! கிரீச் கிரீச்சுனு என் காதே போச்சு!"

அதுதான் அது முழுசாகப் பேசிய ஒரே பேச்சு. அப்புறம் மாடு மாடாகிவிட்டது.

"இதைச் சொல்லவா இத்தனை பாடுபட்டே?" என்றான் நாகமுத்து. இறங்கியதும் முதல் வேலையாகச் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டான்.

அரைமாயனுக்கு அந்த மலையில் இனி எதுவும் சொந்தமில்லை. எல்லாம் முடிந்த பொருள்களாகிவிட்டன. குளிரில், சட்டை மூடாத கையைத் தேய்த்துக்கொண்டு நின்றான். மரிக்கொழுந்துவுக்கு மனசு கேட்கவில்லை. மிச்சத் தலைப்பாகைத் துணியில் அவன் சட்டைக்கு இன்னொரு கை தைத்துக் கொடுத்தாள். போட்டுப் பார்த்தான். மலையை விட்டு இறங்கிப் போனான்.

மரிக்கொழுந்து வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தாள். ஒன்றை மட்டும் வெளியே எடுத்து, கண்ணில் படுகிற இடத்தில் வைத்து, மற்றதை மூடினாள். அது முடிந்த பிறகு அடுத்தது. ஒவ்வொன்றையும் முதலிலேயே இன்னாருக்கு என்று சொல்லிவிட்டுத்தான் கையில் எடுத்தாள். குளிரில் ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் ஊசி நிற்பதில்லை. நாகமுத்து நூல் கோத்துக் கொடுத்தான். அவன் போர்வையில் அவனுக்குப் பிடித்தது அந்த அழுக்கு நிற மூலைதான். படுத்ததும் அதைத்தான் கழுத்தடிக்கு இழுத்துக்கொள்வான்.

அரைமாயன் நாட்டை விட்டே போய்விட்டான் என்று சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. அவன் பாதி வழிதான் போயிருப்பான். எந்த வேலையை எடுத்தாலும் சரியாகப் பாதியில் நமக்கு ஒரு சோர்வு வருகிறதே, அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். பார்த்தால் பயப்பட வேண்டாம். இப்போது சட்டைக்கு இரண்டு கை இருக்கிறது, முன்போல் அவனுக்குக் குளிராது. ஊசியை வரியின் நடுவில் குத்தி வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் அவனைத் தாண்டிப் போய்விடலாம்.