ராவியவர் பெயர்

இந்தக் கதையைப் பல வருஷங்களாக நான் முழுதாக நம்பவில்லை. பொறாமையாகவும் இருக்கலாம். சொன்னவள் எங்கள் ஆலையின் ஃபோர்மேன் தவமணி.

ஐ.டி.ஐ.யில் அன்று அவளுக்கு ஃபிட்டர் செய்முறைத் தேர்வு. தேறினால்தான் அப்ரண்டிஸ் வேலை. தேர்வாளர் ஞானப்பிரகாசம், தான் படித்த காலத்தில் அரத்தால் ராவிய இரும்புத் துண்டை மேசைமேல் மாதிரியாக வைத்திருந்தார்.

"இதுல பொட்டு வெளிச்சம் போகாது. இதே மாதிரி வேணும்!"

ஒவ்வொருவர் துண்டிலும், பரப்பு நேராக இருக்கிறதா என்று காட்டும் மூலைமட்டத்தை வைத்து, வெளிச்சத்துக்கு நேரே உயர்த்திப் பார்த்தார். "வெளிச்சம் போகுது, ஃபெயில்!"

அவர் டீ குடித்துவிட்டுத் திரும்பியதும் தவமணி ஒரு துண்டை நீட்டினாள். அவர் மூலைமட்டத்தை வைத்தார்.

"இதுல லாரியே போகுமே! இதை ராவின கைக்கு அரம் எதுக்கு? ஆடு மேய்க்கலாம்."

"அடியில பேரைப் பாருங்க சார்."

ராவியவர் பெயரைத் துண்டின் அடியில் குத்துவது பட்டறை வழக்கம். திருப்பினார். ஞானப்பிரகாசம் என்று இருந்தது.

பட்டறையே சிரித்தது. அவர் எல்லாருக்கும் பாஸ் போட்டார்.

போன வாரம்தான் அவளிடம் கேட்டேன்:

"சரிம்மா, அன்னைக்கு உன் துண்டை நீ ராவி முடிச்சிருந்தியா, இல்லையா?"