வெரியும் டூவும்

நாகர்கோவிலில் நஸ்ரின் நடத்திவந்த ஆங்கில வகுப்பில் எல்லோருக்கும் மூத்த மாணவர் தேவசகாயம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சருக்கு அவருடைய மகன் வயதுகூட இருக்காது.

மகன் குவாஹாத்தியில் வேலை பார்த்தான். அங்கேயே ரிம்ஜிம் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். அவளுக்குத் தமிழ் தெரியாது. மனைவியை இழந்து தனியாக இருந்த மாமனாரைத் தினமும் சாயங்காலம் போனில் கூப்பிட்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, ஆங்கிலத்தில் பேசுவாள். அவளுக்குப் பதில் சொல்வதற்காகத்தான் தேவசகாயம் வகுப்பில் சேர்ந்தார்.

ஒரு நாள் வகுப்பு முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. மருமகள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள் என்றார். இவராகக் கூப்பிட்டால் ஓரிரு வார்த்தையோடு வைத்துவிடுகிறாளாம். மகனிடம் விசாரிக்கக் கூச்சமாக இருந்ததாம்.

"கடைசியா நல்லா பேசினப்போ அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"நல்லதுதான் சொன்னேன். யூ கால் மீ டூ மச்."

 அது மருமகள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நஸ்ரின் சொன்னாள். 'சும்மா சும்மா கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணுகிறாய்' என்றுதான்.

தேவசகாயத்தின் முகம் வெளுத்தது. வெரி என்றால் ரொம்ப, டூ என்றால் அதையும்விட ரொம்ப என்று அவர் நினைத்திருந்தார். அவள் காட்டும் பிரியத்துக்கு வெரி போதாது என்றுதான் டூ போட்டாராம்.

"வெரி எங்க முடியுது, டூ எங்க ஆரம்பிக்குது டீச்சர்? அந்த எல்லையைக் காட்டிடுங்க. இனிமே தாண்ட மாட்டேன்."

நஸ்ரின் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் மாட்டிப் பார்த்தார். கரும்பலகை நெளிந்தது. தலை சுற்றியது.

"பவர் ரொம்ப" என்று உடனே கழற்றினார்.

"இந்த ரொம்ப, வெரியா டூவா?"

"டூ. என்னால பாக்க முடியலையே."

நஸ்ரின் வாங்கி மாட்டிக்கொண்டாள். "நான் பாக்குறேனே. எனக்கு?"

"உங்களுக்கு வெரி." சொல்லிவிட்டு அவர் விழித்தார். "கண்ணாடி ஒண்ணுதானே டீச்சர். பவரும் மாறல. அப்போ எல்லை எங்க இருக்கு?"

அவள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். போன் வராத சாயங்காலங்களில் வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். சத்தமே இல்லாமல் இருக்கிறது என்றார் அவர்.

"அதை மருமககிட்ட சொல்லுங்க."

"வெரி கொயட்டா, டூ கொயட்டா?"

நஸ்ரின் கரும்பலகையை அழிக்கத் தொடங்கியிருந்தாள்.

தேவசகாயம் அங்கேயே போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் கூப்பிட்டார். ரிம்ஜிம் எடுத்தாள்.

"ஹவுஸ் இஸ் டூ கொயட்" என்றார்.

 அவள் பேச ஆரம்பித்தாள். நிறுத்தாமல், வேகமாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினாள். அவருக்குப் பாதிக்கு மேல் பிடிபடவில்லை. எஸ், எஸ் என்றார். நடுவில் ஈவ்னிங் என்ற சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

போனை வைத்துவிட்டு டீச்சரைப் பார்த்தார்.

"டூன்னு சொல்லிட்டேன். சரிதானா?"

"எனக்கு எப்படித் தெரியும், அண்ணாச்சி? அந்த வீட்டுல நானா இருக்கேன்?"