தள்ளித் தள்ளிப் போன தாய்மாமன்

விருத்தாசலத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடை. அங்கே கொளஞ்சி, பாவாடை, நல்லமுத்து என்று மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரே மூளை. முதலாளி வெளியூர் கிளம்பினால் அதுவும் அவரோடு கிளம்பிவிடும்.

அன்றும் கிளம்பினார். போகும்போது சொன்னார்:

"சொந்தக்காரங்க பேரெல்லாம் ஒரு ஃபைல்ல இருக்கு. எப்படி வரணும்ங்கிற ஸ்டைல்ஷீட் தனியா இருக்கு. ரெண்டையும் சேர்த்து ஓட்டினா கம்ப்யூட்டர் பத்திரிகையா எழுதி வெளியே தரும். ஒருத்தருக்குக் கீழ வர்றவரை நாலு இடம் தள்ளி எழுதும். திருத்தணும்னா, வெளியே வந்ததையே மறுபடி உள்ளே விட்டு ஓட்டுங்க. வேற எதையும் தொடாதீங்க!"

தொடவில்லை. ஓட்டினார்கள். தாத்தா இடது ஓரத்தில் வந்தார். நாலு இடம் தள்ளி அப்பா, இன்னும் நாலு தள்ளி அம்மா. இப்படியே போய், தாய்மாமன் செங்கேணி காகிதத்துக்கு வெளியே விழுந்துவிட்டார்.

பெண்ணின் அப்பா அய்யாக்கண்ணு பதறிப்போனார். "பத்திரிகையில பேர் இல்லன்னா மச்சான் கல்யாணத்துக்கே வரமாட்டான்யா! மாமன் இல்லாம எப்படித் தாலி கட்டறது?"

மூவரும் கூடி ஆலோசித்தார்கள்.

"தள்ளாம எழுதறதுக்கு ஒரு பொத்தான் இருக்கே," என்றான் நல்லமுத்து.

"அதைத் தொடச் சொன்னாரா?"

"இல்லை."

"அப்ப கையை எடு," என்றான் கொளஞ்சி.

வெளியே வந்ததை மறுபடி உள்ளே விட்டார்கள். ஏற்கெனவே தள்ளியிருந்த மாமனைக் கம்ப்யூட்டர் இன்னும் தள்ளியது. விடாமல் எழுபது தடவை ஓட்டினார்கள். அடேயப்பா, என்ன உழைப்பு!

"பேர் எங்கேயும் போகலை, காகிதம்தான் பத்தலை," என்று கண்டுபிடித்தான் பாவாடை. உடனே ஃபிளெக்ஸ் சுருளில் அச்சடித்துத் தெருவில் விரித்தார்கள்.

செங்கேணி முறைத்துக்கொண்டு வந்தார். படித்துக்கொண்டே நடந்தார். மருந்துக் கடை தாண்டி, டீக்கடை வாசலில் அவர் பெயர் தன்னந்தனியாகக் கிடந்தது. மனுஷர் குளிர்ந்துபோனார். "பங்காளி ஒருத்தனும் பக்கத்துல இல்லை. இதுதான்யா மரியாதை!"

அய்யாக்கண்ணுவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

"பேருக்கு முன்னால 'திரு'ன்னு மட்டும் போட்டுடுங்க," என்றார் செங்கேணி.

திருத்தம்தானே? மூவரும் போட்டு, மறுபடி உள்ளே விட்டு ஓட்டினார்கள். வேலை சுத்தமாக இருக்கட்டுமென்று ஓட்டிக்கொண்டே இருந்தார்கள்.

முகூர்த்த நேரம். மாமனைக் காணோம். அய்யாக்கண்ணு போன் போட்டார்.

"பெண்ணாடம் போற பஸ்ல இருக்கேன் மச்சான்," என்றார் செங்கேணி. "என் பேர் இப்ப தள்ளித் தள்ளி அந்த ஊர்லதான் வருதாம். ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்."