கைக்கு வராத நிறம்

மடத்துக்கு வருகிறவர்கள் பழம் கொண்டு வருவார்கள், பூ கொண்டு வருவார்கள், வீட்டுச் சண்டையைக் கொண்டு வருவார்கள். பூவராகன் மட்டும் மை கொண்டு வருவார்.

அவருக்குச் சிதம்பரத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை. கடை மேசையில் கண்ணாடிகளைவிடப் பேனாக்கள்தான் அதிகம் என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்வார்கள். அதில் பொய்யில்லை. எல்லாம் மை ஊற்றி எழுதுகிற பேனாக்கள். ஒரு ரசீது எழுதுவதற்குள் இந்தப் பேனாவா அந்தப் பேனாவா, பச்சையா ஊதாவா என்று அவர் யோசித்து, மூடியைத் திருகி, நிப்பைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்து, பிறகு எழுத ஆரம்பிப்பார். அதற்குள் வந்தவருக்குக் கண் இன்னும் கொஞ்சம் மங்கியிருக்கும். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. எழுதி முடித்ததும் அவர் முகத்தில் வருகிற சந்தோஷத்தைப் பார்ப்பதற்கே உட்கார்ந்திருக்கலாம்.

வெள்ளாற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்தை அங்கயற்கண்ணி அம்மா நடத்திவந்தார். வயதில் அவர் பூவராகனுக்கு இளையவர். முதல் தடவை காலில் விழும்போது பூவராகனுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. பிறகு அது போய்விட்டது. அம்மா உபதேசம் செய்து யாரும் கேட்டதில்லை. பெரிய கேள்வியோடு வருகிறவரிடம் புளியையும் அரிவாள்மணையையும் நகர்த்தி வைப்பார். கொட்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறவர், கேள்விக்குப் பதில் வந்ததா வராததா என்று பேருந்து நிறுத்தம் வரைக்கும் யோசித்துக்கொண்டு போவார்.

பூவராகன் மை கொண்டுவரத் தொடங்கியது ஒரு நிறத்தைத் தேடிப் போனதால்.

மனைவி கோமளத்தின் பிறந்தநாளுக்கு ஒரு வருடம் அவர் வாழ்த்து அட்டை ஒன்று எழுதினார். அன்றைக்குப் பேனாவைச் சரியாகக் கழுவாமல், பழைய மை உள்ளே இருக்கும்போதே, இரண்டு புட்டிகளின் அடியில் கிடந்த மிச்சத்தையும் அதில் ஊற்றிவிட்டார். பேனாக்காரர்கள் செய்யவே கூடாத காரியம் அது. நல்லவேளை, பேனா அடைத்துக்கொள்ளவில்லை. அட்டையை எழுதினார், கொடுத்தார், மறுநாள் பேனாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். என்ன நிறம் வந்தது என்று அன்று அவர் கவனிக்கவே இல்லை.

கோமளம் அந்த அட்டையைச் சமையலறைச் சன்னல் பக்கத்தில் ஒட்டிவைத்தாள். தினமும் காப்பி போடும்போது அது அவள் கண்ணெதிரே இருக்கும்.

சில வருடங்கள் கழித்து ஒரு நாள் காலை, காப்பிக்காகக் காத்து நின்றபோது பூவராகன் அந்த எழுத்தைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். புடவைக் கடையில் புறாக் கழுத்து என்று சொல்வார்களே, அந்த நிறத்தில் கொஞ்சம் சாம்பல் தூவியதுபோல இருந்தது. உலகத்தில் எந்தக் கம்பெனியும் அப்படி ஒரு மை போடவில்லை. அவருக்குத் தெரியாமல் அவர் கையே அதைச் செய்திருக்கிறது.

அன்றிலிருந்து ஆரம்பித்தது தேடல். அதே மைகளை வாங்கினார். கலந்தார், எழுதினார், அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இல்லை. அளவை மாற்றினார். இல்லை. தேறாத மையைச் சாக்கடையில் ஊற்ற மனம் வராது. புட்டியில் அடைத்து மடத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். அம்மாவுக்கு அதில் ஒரே குஷி. பூவராகன் கொடுத்த பேனா ஒன்றால் தொட்டுத் தொட்டு எழுதி, மடத்து ஜாடிகளுக்கும் டப்பாக்களுக்கும் சீட்டு ஒட்டுவார். மிளகாய் பச்சையிலும் உப்பு ஊதாவிலும் இருக்கும். தன் தோல்வியெல்லாம் மடத்துச் சமையலறையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது என்று பூவராகன் சொல்வார். முதலில் சிரித்துக்கொண்டு சொன்னார். போகப் போகச் சிரிப்பு குறைந்தது.

எந்த மையைத் தொட்டாலும், இது அது இல்லை என்றுதான் தோன்றியது. ரசீது எழுதும்போது இருந்த அந்த முகம் போய்விட்டது. கடையில் பால்பாயிண்ட் பேனா எட்டிப் பார்க்க ஆரம்பித்தது.

இந்தத் தடவை அவர் மடத்துக்கு வந்தபோது கையில் புட்டி இல்லை. பெரிய தகரப்பெட்டி ஒன்று இருந்தது. அம்மா முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பெட்டியை அவர் முன்னால் வைத்துவிட்டுப் பூவராகன் எதிரே உட்கார்ந்தார்.

"எல்லாப் பேனாவும் இதுல இருக்கும்மா. மடத்துலயே வச்சுக்குங்க. வேண்டாம்னா ஆத்துல போட்டுட்டுப் போறேன்."

"ஆறு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் அம்மா. "மீனெல்லாம் நீலமாயிடும்."

பூவராகனுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா கீரைக் கட்டில் பாதியைப் பிரித்து அவர் பக்கம் தள்ளினார். ஆய்ந்துகொண்டே பூவராகன் விஷயத்தைச் சொன்னார்.

போன வாரம், அட்டையை ஒவ்வொரு தடவையும் சமையலறைக்குப் போய்ப் பார்ப்பது தொந்தரவாக இருக்கிறது என்று, எழுத்து தடித்து மை நன்றாகத் தேங்கியிருந்த இடத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டார். கடையிலேயே வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் அல்லவா? சின்னத் துண்டுதான். கத்தரிக்கோலால் நேர்த்தியாக வெட்டியிருந்தார். அந்த நேர்த்தியைப் பற்றி இப்போதும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

மறுநாள் காலை கோமளம் அதைப் பார்த்தாள். மிச்சமிருந்த அட்டையைச் சுவரிலிருந்து எடுத்தாள். எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை. அன்றிலிருந்து காப்பி நேரத்துக்கு வருகிறது, சாப்பாடு நேரத்துக்கு வருகிறது, பேச்சு மட்டும் வருவதில்லை. அவள் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் சமாளித்திருப்பார். இதை எப்படிச் சமாளிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள் நுழையவே பயமாக இருக்கிறது என்று வாய்விட்டே சொன்னார்.

"அந்த நிறம் மட்டும் கிடைச்சிட்டா, புதுசா ஒரு அட்டையே எழுதிக் குடுத்துடுவேம்மா. எல்லாம் சரியாயிடும். ஆனா கைக்கு வர மாட்டேங்குது." கீரையைக் கீழே வைத்தார். "கிடைக்குமா, கிடைக்காதா? கிடைக்காதுன்னா சொல்லிடுங்க. இன்னையோட விட்டுடறேன்."

அம்மா கடைசித் தண்டையும் கிள்ளிப் போட்டார்.

"சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா."

"தயிர்சாதம் இருக்கு. உள்ள சன்னலோரமா எலுமிச்சை ஊறுகாய் ஜாடி இருக்கும். எடுத்துட்டு வாங்க."

கேட்டதற்குப் பதில் வராது என்று அவருக்குத் தெரியும். எழுந்து உள்ளே போனார்.

சமையலறையின் கிழக்குச் சன்னலில் ஆற்றுப் பக்கத்து வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. சன்னல் திட்டில் ஊறுகாய் ஜாடிகள். அவருடைய தோல்விகள். எலுமிச்சை என்று எழுதிய ஜாடியைத் தேடிக் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

அந்தச் சீட்டில் அந்த நிறம் இருந்தது.

ஜாடியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். தரையில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் கூடு ஒன்றை எடுத்துத் திறந்தார். அதில் கண்ணாடி இல்லை, அட்டையிலிருந்து வெட்டிய துண்டு இருந்தது. அதைச் சீட்டுக்குப் பக்கத்தில் பிடித்தார். கடையில் லென்ஸ் பார்க்கிற பூதக்கண்ணாடியையும் எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மயிரிழைகூட வித்தியாசம் இல்லை.

"இது எந்த மைம்மா?"

"நீங்க குடுத்ததுதான்."

"எப்போ?"

"முதல் முதல்ல கொண்டாந்தீங்களே, அது. கத்தரிக்காய்த் தோல் மாதிரி இருக்கு, இது ஆகவே ஆகாதுன்னு திட்டிக்கிட்டே குடுத்தீங்க."

பூவராகன் நம்பவில்லை. அந்த மை அவருக்கு ஞாபகம் இருந்தது. நல்ல கருஞ்சிவப்பு கலந்த ஊதா. இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அம்மா எழுந்து போய், அலமாரிக்குள்ளிருந்து பழைய புட்டியை எடுத்து வந்தார். அடியில் கொஞ்சம் மை மிச்சமிருந்தது. பெட்டியைத் திறந்து, பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, தடித்த நிப் வைத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதை மையில் தொட்டு, புதுச் சீட்டு ஒன்றில் எலுமிச்சை என்று நிதானமாக எழுதினார். நிப் காகிதத்தில் வழுக்கிக்கொண்டு போனபோது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. பூவராகனுக்கு அந்தச் சந்தோஷத்தை அடையாளம் தெரிந்தது.

"அருமையான பேனா" என்றார் அம்மா. புதுச் சீட்டை ஜாடியில் இருந்த சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஒன்று கத்தரிக்காய்த் தோல். இன்னொன்று சாம்பல் தூவிய புறாக் கழுத்து. இரண்டும் ஒரே புட்டி.

பூவராகன் சன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். வீட்டுச் சமையலறைச் சன்னல் நினைவுக்கு வந்தது. தேட ஆரம்பித்த புதிதில் கோமளம் ஒரு நாள் சொல்லியிருந்தாள், அன்றைக்கு இது இந்த நிறத்தில் இல்லை, கத்தரிக்காய்த் தோல் மாதிரி இருந்தது, வெயில் பட்டுப் பட்டு இப்படி ஆகிவிட்டது என்று. நிறத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று அவர் கேட்டிருந்தார். தினமும் அதைப் பார்த்துக்கொண்டு காப்பி போட்டவளிடம் கேட்ட கேள்வி அது. இப்போது நினைக்கும்போது காது சூடாகியது.

"அப்போ முதல் தடவையே நான் சரியாத்தான் கலந்திருக்கேன்" என்றார்.

அம்மா தட்டில் தயிர்சாதம் போட்டு, ஓரத்தில் ஊறுகாய் வைத்தார்.

பூவராகனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும், அதற்கு மேலே ஆசை முண்டியடித்துக்கொண்டு வந்துவிட்டது. பேச ஆரம்பித்தார். இந்த மையில் ஒரு அட்டை எழுத வேண்டும். கடையின் கண்ணாடிக் கதவில் மேற்கு வெயில் நன்றாக விழும், அங்கே ஒட்டிவைக்கலாம். மழைக்காலத்தில்தான் தாமதமாகும். காகிதம் அதே காகிதமாக இருக்க வேண்டும், அதை எங்கே வாங்கினோம் என்று ஞாபகப்படுத்த வேண்டும். எழுதின அட்டையை மாசத்துக்கு ஒருமுறை இந்தத் துண்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரியான பதம் வந்ததும் இருட்டில் எடுத்து வைத்துவிட வேண்டும். பிறகு கோமளத்திடம் கொடுத்தால் அவள் அசந்துபோய்விடுவாள். பேசப் பேச அவர் கை தானாகவே பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஜாடியின் பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"அதாம்மா, நான் சொன்னேனே, அந்த நிறம்..."

"நிறம் தெரியுது. என்ன எழுதியிருக்கு?"

பூவராகன் அம்மாவின் உள்ளங்கையைப் பார்த்தார். கடையில் ஒரு வாரமாக அந்தத் துண்டை எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்திருக்கிறார். வெளிச்சத்தில் வைத்து, நிழலில் வைத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறார். படித்ததில்லை.

அம்மா துண்டை நீட்டினார். அவர் வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எழுத்துக் கூட்டுகிறவர் மாதிரி மெதுவாகப் படித்தார். அட்டையின் முதல் வார்த்தை அது. புதிதாக மை நிரப்பிய பேனா முதல் வார்த்தையில்தான் தாராளமாக மையை விடும். அதனால்தான் அங்கே எழுத்து தடித்திருந்தது. அதனால்தான் கத்தரிக்கோல் அங்கே போயிருந்தது.

"கோமளத்துக்கு" என்றார்.

ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்து புதுச் சீட்டைப் புரட்டியது. அம்மா அதன்மேல் ஊறுகாய் ஜாடியின் மூடியை எடுத்து வைத்தார்.

"கோமளத்துக்குன்னுதானே போட்டிருக்கு" என்றார். "என்கிட்ட எதுக்குக் கொண்டாந்தீங்க?"